லோரி கம்பெனிக் காகிதங்களைக் காப்பாற்ற நினைக்கிறீர்களா? என்னைப் போல் தலைகீழாகத் தொடங்காதீர்கள்

பதினெட்டு வெள்ளி (மலேசிய ரிங்கிட்). தாத்தா தொடங்கி, அப்பாவும் சித்தப்பாவும் நடத்திய எங்கள் லோரி கம்பெனியின் இரண்டு சாக்குக் காகிதங்களுக்குப் பழைய பேப்பர்காரர் கொடுத்த விலை அது. பட்டர்வொர்த் அருகே மாக் மண்டினில் இருந்த ஸ்டோரை இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், ஆளுக்கொரு பக்கமாக அள்ளிக் கட்டினோம், கையை நீட்டிக் காசு வாங்கியதும் நான்தான். மூன்று வாரம் கழித்து அப்பா சாவகாசமாகக் கேட்டார்: "அந்தச் சிவப்பு அட்டை போட்ட நீள டிரிப் புத்தகமெல்லாம் எங்கம்மா வச்சிருக்கே?" எந்த லோரி, எந்த டிரைவர், எங்கிருந்து எங்கே, என்ன லோட், எவ்வளவு டிரிப் காசு, எல்லாம் அதில்தான் இருந்ததாம். எழுபதுகளின் பாதி அந்தச் சாக்கோடு போய்விட்டது.

மீதி இருந்ததைக் காப்பாற்ற எனக்கு 14 மாதமும் சுமார் 3,400 வெள்ளியும் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் எட்டு மாதத்தில், இதைவிடக் குறைந்த செலவில் முடித்திருப்பேன். அந்த வரிசையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நம்மவர்கள் நடத்திய சின்னச் சின்ன லோரி கம்பெனிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கிள்ளான், கோலாலம்பூர் ஆள்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

1. முதல் வாரம்: எதுவும் வெளியே போகக்கூடாது

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கே ஒரு செய்தி போடுங்கள்: கம்பெனி சம்பந்தப்பட்ட எந்தக் காகிதம், போட்டோ, ரப்பர் ஸ்டாம்ப், காலண்டர், பழைய பெயர்ப்பலகை இருந்தாலும் யாரும் தூக்கிப் போட வேண்டாம், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று. "குப்பைதான், நீ வேண்டாம்னு சொன்னா போட்டுடறேன்" என்று அத்தை ஒருவர் பதில் போடுவார். அந்தப் பெட்டியைத்தான் முதலில் போய் எடுக்க வேண்டும்.

அதே நாளில் இரண்டு பேருக்குக் கடிதம் போக வேண்டும், ஒருவர் கம்பெனியின் கணக்காளர், இன்னொருவர் கம்பெனி செயலாளர். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது சட்டம், வருமான வரிக்கும் சரி, 2016-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்துக்கும் சரி. எட்டாவது ஆண்டில் இடம் போதவில்லை என்று அவர்கள் அரைத்துப் போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. எங்கள் பழைய கணக்காளர் அலுவலகத்தில் தொண்ணூறுகளின் பேரேடுகள் இருந்திருக்கின்றன, நான் போய்க் கேட்டதற்கு முந்தின ஆண்டுதான் அழித்தார்களாம். அவர்கள் மேல் தப்பில்லை, நாங்கள் கேட்கவில்லை.

கடிதத்தில் கையெழுத்து ஓர் இயக்குநருடையதாக இருக்கட்டும். பேரப்பிள்ளை கையெழுத்துக்கு அங்கே மதிப்புக் கிடையாது. "உங்களிடம் உள்ள எங்கள் கோப்புகளின் பட்டியல் வேண்டும், எங்களைக் கேட்காமல் அழிக்க வேண்டாம்" என்ற இரண்டு வரி போதும். நிலுவைக் கட்டணம் ஏதாவது இருந்தால் அதை முதலில் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

2. இந்தக் காகிதமெல்லாம் யாருடையது?

இதைக் கேட்காமல் தொடங்கி நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கடன் புத்தகத்தின் பக்கத்தை, பழைய கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று குழுவில் போட்டேன். அதில் சித்தப்பா யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதும் இருந்தது. மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை, அவர் வீட்டிலிருந்த இரண்டு ஆல்பங்களும் அந்த மூன்று மாதம் கிடைக்கவில்லை.

கம்பெனி இன்னும் உயிரோடு இருந்தால் காகிதங்கள் கம்பெனியின் சொத்து, இயக்குநர்கள் சம்மதம் வேண்டும். கம்பெனியாகப் பதியாத என்டர்பிரைஸ் என்றால் அதன் உரிமையாளரோ பங்காளிகளோ. எதுவானாலும், அப்பா தலைமுறையில் இருக்கும் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்: அசல் யாரிடம் இருக்கும், யார் யார் பார்க்கலாம், பிற்பாடு ஒரு காப்பகத்துக்குக் கொடுக்கலாமா, எதை வெளியே காட்டக்கூடாது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் கடன், கோர்ட் கேஸ், விபத்து என்று மூன்று பதில் வரும். சரி என்று எழுதிக்கொள்ளுங்கள். காட்டக்கூடாது என்பதற்காக அழித்துவிட வேண்டியதில்லை, தனி உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி வையுங்கள். வக்கீல் தேவைப்படவில்லை, செலவு ஒரு தேநீர் விருந்துதான்.

3. ஸ்கேனரை வாங்குவதற்கு முன் ஆள்களைத் தேடுங்கள்

நான் முதல் மாதமே ஸ்கேனர் வாங்கினேன். ஆறாவது மாதம் எங்கள் பழைய டிரைவர் ஒருவர் தவறிவிட்டார். அவரிடம் கேட்க வைத்திருந்த 22 போட்டோக்கள் இன்னும் பெயரில்லாமல் கிடக்கின்றன. காகிதம் இன்னும் ஒரு வருடம் பெட்டியில் கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. எண்பது வயது டிரைவருக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

யாரைத் தேடுவது? அப்பாவைக் கேட்டால் நான்கு பெயர் சொல்வார், அதுவும் "குட்டை", "கப்பல்" என்று பட்டப்பெயராக. உண்மைப் பெயர்கள் இரண்டு இடத்தில் கிடைக்கும். ஒன்று, மாதாமாதம் கட்டிய இ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) பாரங்களின் நகல். இ.பி.எப். 1951-லேயே வந்துவிட்டது, ஒழுங்காகக் கட்டிய கம்பெனி என்றால் அந்தந்த மாதம் வேலையில் இருந்தவர்களின் முழுப்பெயர் வரிசையாக இருக்கும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பாரங்களும் அப்படித்தான், அவை எழுபதுகளிலிருந்து. இன்னொன்று தீபாவளி போனஸ் பட்டியல். யாருக்கு எவ்வளவு என்று எழுதி, பக்கத்தில் கைநாட்டோ கையெழுத்தோ இருக்கும், கெலிண்டான் (லோரி உதவியாள்) பையன்கள் பெயர்கூட அதில் வந்துவிடும். இ.பி.எப். கட்டாமல் தினக்கூலிக்கு ஓடியவர்களுக்கு அந்தப் பட்டியல் ஒன்றுதான் சாட்சி.

டிரைவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கிராணி (எழுத்தர்), பட்டறை மெக்கானிக், டயர் கடைக்காரர், எண்ணெய் கடனுக்குப் போட்ட பெட்ரோல் நிலையத்துச் சீனர், லோட் ஏற்றிய வார்ஃப் கூலிகள், எல்லாருக்கும் ஒரு பக்கம் தெரியும். டிரைவர்களின் மனைவிமாரை மறக்கவே மறக்காதீர்கள். எந்த மாதம் சம்பளம் பிந்தியது என்பதை எங்கள் பேரேட்டைவிட ஓர் அம்மா துல்லியமாகச் சொன்னார்.

போகும்போது போட்டோக்களை ஏ4 அளவில் பெரிதாக அச்சடித்து எடுத்துப் போங்கள், கைப்பேசித் திரையில் காட்டினால் பெரியவர்களுக்குத் தெரியாது, வெட்கப்பட்டு "ஆமா ஆமா" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு 40 பிரதிக்கு 60 வெள்ளி ஆனது, இந்த மொத்த வேலையிலும் நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

இரண்டு கருவியில் பதிவு செய்யுங்கள். என் கைப்பேசி ஒன்று அழைப்பு வந்ததும் பதிவை நிறுத்திவிட்டது, முக்கால் மணி நேரப் பேச்சு போயிற்று. விமான முறையில் போட்டுவிட வேண்டும் என்று அப்புறம்தான் புத்தி வந்தது. கோப்பிக் கடை வேண்டாம், வீட்டு ஹாலில் காற்றாடியை மெதுவாக வையுங்கள், டி.வி.யை அணைக்கச் சொல்லுங்கள். பேச்சின் தொடக்கத்திலேயே பெயர், தேதி, இடம் சொல்லி, "இதைப் பதிவு செய்கிறேன், பிற்பாடு மற்றவர்களும் கேட்கலாமா?" என்று கேட்டு, அவர் சம்மதத்தையும் குரலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது தடவை போகும்போதுதான் நிஜமான கதைகள் வரும்.

"கம்பெனி அப்போ எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சும்மா, பெரியவர் தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள், நீங்கள் பெரியவர் பேத்தி ஆயிற்றே. வேலையைக் கேளுங்கள். பினாங்குப் பாலம் வருவதற்கு முன் ஃபெரிப் படகில் லோரி ஏற்ற எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றீர்கள்? நெடுஞ்சாலை இல்லாத காலத்தில் கோலாலம்பூருக்குப் போக எங்கே இரவு தங்கினீர்கள், தாப்பாவிலா, தஞ்சோங் மாலிமிலா? தார்ப்பாய் எப்படிக் கட்டுவது? லோட் நனைந்தால் யார் காசு போடுவது? முதல் வண்டி என்ன வண்டி, பெட்ஃபோர்டா, கொமரா? இப்படிக் கேட்டபோது 20 வருடமாக வாய் திறக்காத ஒரு மாமா பிறை சர்க்கரை ஆலை வாசலில் ராத்திரி வரிசை பிடித்த கதையை மட்டும் 40 நிமிடம் சொன்னார். விபத்தைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள், அவர்களே வருவார்கள்.

காசு கொடுப்பதா? நான் பழமும் பிஸ்கட்டும் கொண்டு போனேன், பிற்பாடு ஒவ்வொருவருக்கும் அவர் இருந்த போட்டோவின் நல்ல பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். நேரக் கணக்கு: ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஐந்தாறு மணி நேரம் பிடித்தது. மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசியதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். "லோட் தூரோன் பண்ணிட்டு" என்று அவர் சொன்னால் அதை "சுமையை இறக்கிவிட்டு" என்று மாற்றாதீர்கள்.

4. பிரிப்பது: வரிசையைக் கலைக்கக்கூடாது

பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஆண்டு வாரியாக அடுக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். ஒரு கோப்பில் எது எதோடு இருந்ததோ அதுவே ஒரு தகவல். ஒரு விபத்துக் கோப்பில் போலீஸ் அறிக்கை, காப்பீட்டுக் கடிதம், டிரைவர் எழுதிய மன்னிப்புக் கடிதம், ஒரு மருத்துவமனை பில், எல்லாம் ஒன்றாக இருக்கும். நீங்கள் கடிதத்தைக் கடிதத்தோடும் பில்லைப் பில்லோடும் வைத்தால் கதை போய்விடும். பெட்டிக்கு ஒரு எண், கோப்புக்கு ஒரு எண், ஒரு நோட்டில் பட்டியல், அவ்வளவுதான். திறக்கும் முன் பெட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் வைத்துக்கொள்வது? கம்பெனிப் பதிவுப் பத்திரங்கள், கூட்டக் குறிப்பேடு, பங்குப் பதிவேடு, நாம் கெரான் என்று சொல்லும் வண்டிப் பதிவுச் சான்றிதழ், ஏ பெர்மிட், சி பெர்மிட் உரிமங்கள், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தங்கள், சம்பளப் புத்தகம், டிரிப் புத்தகம், முக்கிய வாடிக்கையாளர் கடிதங்கள். இவை எல்லாமே முழுதாக.

டி.ஓ. (சரக்கு ஒப்படைக்கும் டெலிவரி ஆர்டர் சீட்டு) கட்டுகள்தான் தலைவலி. எங்களிடம் 31 பெட்டி இருந்தது. எல்லாவற்றையும் வைத்திருக்க இடம் இல்லை, எல்லாவற்றையும் எறியவும் மனசில்லை. கடைசியில் பாலம் திறந்த 1985-ஐ முழுதாக வைத்துக்கொண்டோம், மற்ற ஆண்டுகளில் ஒரு மாதம் மட்டும், எப்போதும் அதே மாதம். டி.ஓ.வில் பின்பக்கம் கணக்குப் போட்டிருந்தால், திட்டி எழுதியிருந்தால், அது தனி! ஒரு டி.ஓ. பின்னால் "இந்த ஸ்டோர் கீப்பர் காசு கேட்கிறான்" என்று டிரைவர் எழுதி வைத்திருந்தார், அதைப் போய் எறிவார்களா?

காகிதம் அல்லாதவற்றை விட்டுவிடாதீர்கள். ரப்பர் ஸ்டாம்ப், சீன வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த காலண்டர், சாவிக்கொத்து, பழுதான லோரிக் கதவு. ஆம், கதவுதான். கம்பெனி பெயரும் முகவரியும், கீழே BTM (சுமையில்லாத எடை), BDM (சுமையோடு எடை) என்ற இரண்டு எடை வரிகளும் கையால் எழுதிய பெயிண்டில் இருக்கும், எது எது என்று நான் மாற்றிச் சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கினேன். கதவைத் தூக்கி வர முடியாவிட்டால் நேராக நின்று, பகலில், நிழல் விழாமல் படம் எடுங்கள்.

5. பூஞ்சை, துரு, ஒட்டும் ஆல்பம்

பினாங்குக் காற்றில் காகிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூஞ்சை பிடித்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், மற்ற பெட்டிகளுக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே நிழலில், காற்று படும்படி உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் போடக்கூடாது, மை வெளுத்துவிடும், நான் போட்டேன்.

துருப்பிடித்த ஸ்டேப்பிளைப் பிடுங்காமல், மெல்லிய கத்தி முனையால் கால்களை நிமிர்த்தி எடுங்கள். கிழிந்ததற்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். லேமினேட்டும் வேண்டாம், அக்கறையோடு செய்கிற பெரிய பாவம் அதுதான், பிறகு பிரிக்கவே முடியாது.

பக்கத்தில் பசை பூசி, மேலே பிளாஸ்டிக் மூடிய பழைய ஆல்பங்களிலிருந்து படத்தை இழுத்தால் கிழியும். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் நுழைத்து மெல்ல அறுத்துக்கொண்டே வந்தால் கழன்று வரும். வரவில்லை என்றால் ஆல்பத்தோடு படம் எடுத்துவிட்டு விடுங்கள். பெயர்களைப் பின்னால் பென்சிலில் எழுதுங்கள், பேனா முன்பக்கத்துக்கு ஊறும்.

முதலில் நகலெடுக்க வேண்டியவை பழைய பேக்ஸ் சுருள் காகிதங்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஆர்டர்கள் எல்லாம் பேக்ஸில்தான் வந்தன, அந்த வழவழப்புக் காகிதத்தின் எழுத்து தானாகவே மறையும். எங்களுடையதில் பாதி வெள்ளைக் காகிதமாகிவிட்டது.

பெட்டி, சிலிக்கா ஜெல், உறைகள் எல்லாம் சேர்த்து எனக்கு 280 வெள்ளி. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கரையானும் வெள்ளமும் வரும், ஒரு அடியாவது உயரத்தில் வையுங்கள்.

6. ஸ்கேன்

ஒரு கடையில் கொடுத்தால் வேகமாக முடியும் என்று 620 வெள்ளி கட்டினேன். வேகமாகத்தான் முடித்தார்கள், புத்தகங்களின் முதுகை வெட்டித் தனித்தனித் தாளாக்கி மிஷினில் விட்டுவிட்டார்கள். கடையில் கொடுப்பதானால் "பிரிக்கக்கூடாது, வெட்டக்கூடாது" என்று எழுதி வாங்குங்கள், முதலில் ஒரே ஒரு புத்தகம் கொடுத்துப் பாருங்கள்.

தனித்தாள்களுக்கு 300 டி.பி.ஐ. போதும், போட்டோவுக்கு 600. பாஸ்போர்ட் அளவு படங்களுக்கு அதைவிடக் கூட்டலாம். கறுப்பு வெள்ளைக் காகிதமாக இருந்தாலும் கலரில் எடுங்கள், சிவப்பு மையில் யார் திருத்தினார்கள் என்பது அப்போதுதான் தெரியும். மூலப்படி டிஃப் வடிவில், அனுப்புவதற்கு ஜேபெக்கோ பி.டி.எஃப்.போ. கட்டுப்போட்ட புத்தகங்களுக்குக் கைப்பேசியை ஒரு ஸ்டாண்டில் நேர் கீழே பார்க்கும்படி மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதே நல்லது. கார்பன் நகல் புத்தகம் என்றால் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைச் செருகுங்கள், அடுத்த பக்கத்து எழுத்து தெரியாது.

கோப்பின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: 1978-03-டிரிப்-பெட்டி04-015. பெயர் வைக்காமல் "நாளைக்கு வைக்கலாம்" என்று விட்டால் அந்த நாளை வராது. 4,100 பக்கத்துக்கு எனக்கு 11 ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, அதில் பாதி நேரம் பெயர் வைப்பதற்கே.

7. எஸ்.எஸ்.எம்.மில் தேட வேண்டியவை

கம்பெனி எப்போது தொடங்கியது என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று ஆண்டு சொல்வார்கள். எஸ்.எஸ்.எம். என்கிற மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தின் இணையச் சேவையில் பெயரையோ எண்ணையோ போட்டு விவரம் வாங்கலாம், நேரில் முகப்பிடத்திலும் கேட்கலாம். நான் வாங்கிய எல்லா நகல்களுக்கும் சேர்த்து 100 வெள்ளிக்குள்தான் ஆனது. மூடிப்போன கம்பெனி என்றாலும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு குறுக்கு வழி: 2019 அக்டோபரில் வந்த புதிய 12 இலக்கப் பதிவு எண்ணில் முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு எந்த வகை என்பது. 198501 என்று தொடங்கினால் 1985-இல் பதிவான உள்நாட்டுக் கம்பெனி, நம் விஷயத்தில் பெரும்பாலும் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஆள்கள் முதலில் என்டர்பிரைஸாக, அல்லது "பிரதர்ஸ்", "அண்ட் சன்ஸ்" என்று தொடங்கி, பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் செண்டிரியான் பெர்ஹாட் ஆக்கினார்கள். புதிய எண் அந்த இரண்டாவது பிறப்பை மட்டும்தான் காட்டும். பழைய வியாபாரப் பதிவைத் தனியாகத் தேட வேண்டும், அதற்குப் பழைய பெயரின் சரியான எழுத்துக்கூட்டல் வேண்டும். லெட்டர்ஹெட்டிலிருந்து எடுங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.

1965 கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி என்றால் பாரம் 9 பதிவுச் சான்றிதழ், பாரம் 24 பங்கு ஒதுக்கீடு, பாரம் 49 இயக்குநர்கள் விவரம், பாரம் 13 பெயர் மாற்றம். இந்த நான்கையும் எண் சொல்லிக் கேளுங்கள். பாரம் 24-ஐப் பார்த்துத்தான் எங்கள் பாட்டி பெயரில் பங்கு இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. பாட்டியும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

8. தேதியில்லாத காகிதத்துக்குத் தேதி

உரிமத்தின் தலைப்பைப் பாருங்கள். தீபகற்பத்தில் லோரி உரிமம் கொடுத்த அமைப்பின் பெயர் எல்.பி.கே.பி. என்று இருந்தால் பழையது, ஸ்பாட் என்றால் 2010-க்குப் பிறகு, அப்பாட் என்றால் 2019-இலிருந்து. எடை பிக்குலில் இருந்தால் மெட்ரிக் முறை பரவுவதற்கு முந்தியது, ஒரு பிக்குல் என்பது 100 கட்டி, 60 கிலோவுக்குச் சற்று மேல். செலவுக் கணக்கில் பாலத்து டோல் வந்தால் 1985 அல்லது அதற்குப் பின். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாக முடிந்தது 1994-இல், அதற்கு முன் கோலாலம்பூர் டிரிப்பில் சாப்பாட்டுச் செலவு ஒன்றுக்கு மேல் எழுதியிருக்கும். காசுக் குறியில் டாலர் கோடு இருந்தால் பெரும்பாலும் தொண்ணூறுகளுக்கு முன்.

போட்டோக்களில் பாதிக்கு மேல் ஆயுத பூஜை அன்று எடுத்தவைதான், அன்றைக்குத்தானே வண்டி கழுவி, மாலை போட்டு, போட்டோக்காரரையும் கூப்பிடுவார்கள். அதனால் மாதம் ஏறக்குறையத் தெரிந்துவிடும், ஆண்டுதான் தெரியாது. நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கி, கெரானில் இருக்கும் பதிவுத் தேதியோடு ஒப்பிடுங்கள். வரிசையில் நிற்கும் வண்டிகளில் கடைசியாக வாங்கியது எதுவோ, படம் அதற்குப் பிந்தியது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருந்து, வண்டியும் பளபளவென்று தனியாக நின்றால் அது புது வண்டிப் பூஜையாகவும் இருக்கலாம்.

பத்திரிகைகளிலும் தேடுங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு, கம்பெனி பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய இதழ்கள் எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் கேளுங்கள். செய்திகளைவிட தீபாவளி மலர்களின் வாழ்த்து விளம்பரங்கள்தான் உதவும், கம்பெனி முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆண்டோடு கிடைத்துவிடும்.

9. காப்பகத்துக்குக் கொடுப்பது

கோலாலம்பூரில் இருக்கும் அர்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) அரசாங்கப் பதிவுகளோடு தனியார் ஆவணங்களையும் பெற்றுக்கொள்கிறது. பினாங்கில் என்றால் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகத்தையும் பினாங்கு ஹெரிடேஜ் டிரஸ்டையும் கேட்டுப் பார்க்கலாம். பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதலில் ஒரு மின்னஞ்சல்: கம்பெனி எந்த ஊரில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை பெட்டி, என்ன நிலையில், எந்த மொழியில், கூட ஐந்தாறு படங்கள். மலாயில் ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். நான் தொடர்பு கொண்ட ஓர் இடத்திலிருந்து நாலு மாதம் கழித்துத்தான் பதில் வந்தது, இடையில் இரண்டு தடவை நினைவூட்டினேன். பொறுமை வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: இது அன்பளிப்பா, இரவலா? மூடிய உறைகளை எத்தனை ஆண்டு திறக்காமல் வைப்பார்கள்? ஸ்கேன் பிரதி எங்களுக்கும் வருமா? வேண்டாதவற்றைத் திருப்பித் தருவார்களா, அழிப்பார்களா? எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மனசு கஷ்டப்படாதீர்கள். எங்கள் பேரேடுகளைவிட டிரிப் புத்தகத்தையும் குரல் பதிவுகளையும்தான் விரும்பிக் கேட்டார்கள்.

அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு இவை தெரியும் பக்கங்களை இணையத்தில் போடாதீர்கள். டிரைவர்கள் நம் கம்பெனியில் வேலை செய்தவர்கள், அவர்கள் எண்ணை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை கிடையாது. மறைத்த பிரதி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அசலில் மை பூசாதீர்கள்.

சின்னப் புத்தகமாகப் போட ஆசையிருந்தால் போடலாம். ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக எண் தேசிய நூலகத்தில் இலவசம், பதிலுக்கு வெளியானதும் சட்டப்படி 5 பிரதி அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், கணக்கில் சேர்த்து அச்சடியுங்கள். நான் 50 போட்டேன், 1,150 வெள்ளி. டிரைவர் குடும்பங்களுக்கே 30 போய்விட்டது, 80 போட்டிருக்க வேண்டும்.

10. ஹார்ட் டிஸ்க்

மூன்று பிரதி, இரண்டு விதக் கருவி, ஒன்று வேறு வீட்டில். எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் 230 வெள்ளி ஆனது, இரண்டு வாங்கினேன். ஒன்று என்னிடம், இன்னொன்று ஈப்போவில் தங்கை வீட்டில், மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டு மறந்தால் ஒருநாள் செருகும்போது திறக்காது. வருடத்துக்கு ஒரு தடவையாவது செருகி, நாலு கோப்பைத் திறந்து பார்த்து, ஐந்தாறு வருடத்தில் புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். தேதி மறந்துவிடும் என்று நாங்கள் ஆயுத பூஜை அன்று வைத்துக்கொண்டோம். இப்போது லோரி இல்லை, சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் டிஸ்க்கை வைத்து அம்மா பொட்டு வைக்கிறார். செருகும் துளையில் குங்குமம் விழாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.